புகை கருத்த நாள்

12 பிப்ரவரி 1979, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி ஒன்றரை மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். சங்கத்தின் துணைச் செயலாளர் என்ற முறையில் நடப்பதைக் குறித்து வைப்பது என் பொறுப்பு. வேறு யாரும் செய்யப் போவதில்லை.

காலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ரோலிங் மில்லில் ஒரு ஜோடி அரை மணி நேரம் வேலை செய்தால் அடுத்த அரை மணி நேரம் ஓய்வு. அந்த நேரம் இன்னொரு ஜோடி நிற்கும். மில் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்த அனலுக்கு முன்னால் அதற்கு மேல் நின்றால் கண் இருட்டும். இனி முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு என்று போட்டிருக்கிறது. கீழே மேனேஜர் நஞ்சுண்டராவின் கையெழுத்து.

எனக்கு ஜோடி சவரிமுத்து. பதினோரு வருடமாக நேருக்கு நேர் நிற்கிறோம். பழுத்த இரும்பை ரோலுக்குள் செலுத்துபவன் நான். மறுபக்கம் பாம்பாக நீண்டு வருவதைக் குறட்டால் கவ்வி, மேல் ரோல் வழியாக எனக்கே திருப்பி விடுபவன் அவன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவன் பக்கம்தான் போய் நிற்பார்கள். கம்பியைப் பிடிப்பதுதான் வித்தை என்று நினைப்பு. நான் நேராகவும் நிதானமாகவும் விடுவதால்தான் அவன் பிடிக்கிறான் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

14 பிப்ரவரி, புதன்

புது முறையில் இரண்டாவது நாள். நாற்பதாவது நிமிடத்தில் மாதேஸ் மயங்கிச் சாய்ந்தான். கம்பி கெண்டைக்காலை உரசிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கால் பிழைக்கும் என்கிறார்கள்.

சாயங்காலம் கேட் முன்னால் கூட்டம். நான் நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவு எண்ணெல்லாம் அதில் இருந்தது. இரண்டாவது பக்கம் முடிவதற்குள் பின்னால் நின்றவர்கள் பீடி பற்ற வைத்துவிட்டார்கள். அப்புறம் சவரி ஏறினான். கையில் காகிதம் இல்லை.

"மாதேஸ் காலப் பாத்துட்டு வந்தேன். நாளைக்கு அது என் காலு. நாளான்னிக்கு உன் காலு. அரை மணி ஓய்வு வர்ற வரைக்கும் கொறட்டத் தொடப்போறதில்ல."

இவ்வளவுதான். கை தட்டியது நிற்கவே இல்லை. அங்கேயே அவனைப் போராட்டக் குழுச் செயலாளராக்கிவிட்டார்கள். ஆறு வருடமாகத் துணைச் செயலாளராக இருப்பவன் பக்கத்திலேயே நிற்கிறானே என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் கை தட்டினேன். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

19 பிப்ரவரி, திங்கள்

வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டுக்கு எதிரே பந்தல். ஓலை கொண்டு வந்தது நான், கால் ஊன்றியது நான். சவரி பதினொரு மணிக்கு வந்து நடுவில் உட்கார்ந்தான்.

20 பிப்ரவரி, செவ்வாய்

இரும்பைப் பழுக்க வைக்கும் சூளை பற்றிப் பேச்சு வந்தது. சூளை முழுக்க ஆறிவிட்டால் மேல்வளைவுச் செங்கல் வெடித்துக் கொட்டிவிடும். திரும்பக் கட்ட இரண்டு மாதம் ஆகும்; நாம் ஜெயித்தாலும் அந்த இரண்டு மாதம் வேலை கிடையாது. அதனால் சங்கமே ஆள் விட்டு, மிதமான தீயில் சூளையைக் காப்பது என்று முடிவு. போகிறவர்கள் கருங்காலிகள் இல்லை என்று தெரிய, கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

"பகலுக்கு அங்கமுத்துதான் போகணும். அவன மாதிரி நிதானம் நம்ம யாருக்கும் இல்ல" என்றான் சவரி. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். மரியாதையாம். பந்தலில் பேச்சும் பாட்டும், பத்திரிகைக்காரர்களும், கட்சிக்காரர்களும். எனக்கோ மில்லுக்குள் கரி மண்வெட்டியும், துணைக்குக் காது மந்தமான சடையனும். யார் யாரை எங்கே வைப்பது என்று சவரிக்கு நன்றாகத் தெரிகிறது.

23 பிப்ரவரி, வெள்ளி

ரேஷனில் சர்க்கரை இல்லை. சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர்.

என் மனைவி பாவாயி பந்தலில் கஞ்சி காய்ச்சப் போகிறாள். கூட்டம் என்றாலே வாசலுக்கு வராதவள். இப்போது காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். இன்று வந்ததும் சொன்னாள்: "சவரி அண்ணன் வரிசையில கடைசியாத்தான் நிக்கிறாருங்க. நேத்து அவருக்கு அடிச்சட்டி தண்ணிதான் கெடச்சுது. வாயத் தொறக்கல பாருங்க."

நானும் மத்தியானம் உள்ளே பட்டினிதான் கிடந்தேன், சடையன் கொண்டுவந்த வேர்க்கடலையைத் தவிர. அதை யார் பார்த்தார்கள்?

28 பிப்ரவரி, புதன்

பேப்பரில் படம் வந்திருக்கிறது, முதல் நாள் பந்தலில் எடுத்தது. சவரி நடுவில் கையை உயர்த்தி நிற்கிறான். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது.

வயிறு எரிகிறது என்று எழுதினால் தப்பா? யாரும் படிக்கப் போவதில்லை. எரிகிறது.

3 மார்ச், சனி

நஞ்சுண்டராவ் சூளைப் பக்கம் வந்தார். பியூன் டீ கொண்டுவந்தான், கண்ணாடி டம்ளரில்.

"அங்கமுத்து, நீங்க சீனியர். உங்களோட பேசியிருந்தா இது ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். அந்த ஆள் மேடைக்குப் பேசுறார்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'நீங்க'. இதுவரைக்கும் 'ஏய், ரோல் நம்பர் மூணு' தான்.

டீயைக் குடித்தேன். சவரியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

7 மார்ச், புதன்

பாவாயி பேசவில்லை. நானும் பேசவில்லை.

10 மார்ச், சனி

பேசாததற்குக் காரணத்தை எழுதிவிடுகிறேன். அந்தப் பேப்பர் படத்தை வெட்டி, சோற்றுப் பசை தடவி, சுவரில் ஒட்டியிருந்தாள். இது யார் வீடு என்று கேட்டேன்.

"நீங்களும் அதுல இருக்கீங்கல்ல" என்றாள்.

"எங்க இருக்கேன்?"

"அதா, முழங்கை."

சிரிக்காமல் சொன்னாள். கிண்டலாக இருந்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன்.

11 மார்ச், ஞாயிறு

கம்பெனி ஆட்டம் கண்டுவிட்டது என்று பேச்சு. ஆர்டர் கொடுத்தவர்கள் நெருக்குகிறார்களாம். புதன்கிழமை தொழிலாளர் அதிகாரியை வைத்துக்கொண்டு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்திலிருந்து ஒரே ஒருவர்தான் வரலாம். யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் சவரி பந்தலில் எழுந்து, சிம்னியைக் கை காட்டிப் பேசினான். "அங்க பாருங்க. நம்ம ஆளு காக்குற தீ. வெள்ளப் புகைதான் வருது. அரை மணி ஓய்வு எழுத்துல வராம அந்தப் புகை கருக்காது. கருத்துச்சுன்னா சவரி வித்துட்டான்னு அர்த்தம். அன்னிக்கு என்னச் செருப்பால அடிங்க."

மில்லில் எல்லோருக்கும் புகை படிக்கத் தெரியும். மிதமான தீக்கு வெள்ளைப் புகை. கம்பி உருட்டுவதற்காகக் கரியை அள்ளிப் போட்டுத் தீயை ஏற்றும்போது ஒரு மணி நேரம் கரும்புகை வரும். மைல் தூரத்தில் இருந்துகொண்டே ஷிப்ட் ஆரம்பிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவோம். எல்லோரும் 'புகை கருக்காது, புகை கருக்காது' என்று கத்தினார்கள். நம்ம ஆள் என்றான், பெயர் சொல்லவில்லை.

நேற்று புதுக் கரி லாரி வந்தது. நல்ல உலர்ந்த கரி, மண்வெட்டி வைத்தால் தூசி பறக்கிறது. கொட்டகைக்குள் அடுக்கியாகிவிட்டது. மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

14 மார்ச், புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு சவரி ஆபீசுக்குள் போனான். சூளைக்கு முன்னால் நின்றால் ஆபீஸ் ஜன்னல் தெரியும். அவனுக்கு நாற்காலி போட்டார்கள். கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. தொழிலாளர் அதிகாரி ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். நஞ்சுண்டராவும் சிரித்தார். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், ஒரு மணிக்குப் பார்த்தேன். அவன் ஒருமுறை கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் மண்வெட்டியோடு நிற்பது தெரிந்திருக்கும்.

இரண்டு மணிக்குச் சடையன் சாப்பிடப் போனான். கரி ஈரமாக இருந்தது. சிம்னிக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் புகைத்தட்டும் சரியாகத் திறக்கவில்லை. இரண்டரை மணிக்குப் புகை கருத்துவிட்டது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

வெளியில் சத்தம் கேட்டது. முதலில் கூச்சல், அப்புறம் கேட் ஆடும் சத்தம். கையில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி.

15 மார்ச், வியாழன்

சடையன் வந்து சொன்ன பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. புகையைப் பார்த்ததும் பந்தல் இரண்டாகிவிட்டது. சவரி விலை போய்விட்டான், உள்ளே ஆள் வைத்து மில்லை ஓட்டுகிறான் என்று பாதிப் பேர். நமக்கு முந்தி வேறு ஆட்கள் போய்விட்டார்கள், இடம் போய்விடும் என்று மீதிப் பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்களாம், 'எனக்கும் வேல குடு' என்று.

நஞ்சுண்டராவ் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறார். அப்போது அவர் கையில் பேனா இருந்ததாம். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று டைப் அடித்த காகிதம் மேஜை மேல் இருந்ததாம். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "அவங்களே ஓடி வர்றாங்க. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றாராம்.

சவரி வெளியே வந்தபோது அவன் மேல் விழுந்த செருப்புகள் ஒன்றிரண்டு இல்லை. சடையன் எண்ணவில்லை என்றான்.

காகிதம் தயாராக இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யார் சொன்னார்கள்?

16 மார்ச், வெள்ளி

மத்தியானம் சவரி வீட்டுக்கு வந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. பாவாயி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"கரி ஈரம்னு சடையன்கிட்டச் சொன்னியாமே. மழ எப்படா பெஞ்சுச்சு?"

"குழாத் தண்ணி ஒழுகியிருக்கும்."

"கொட்டாய்ல ஏதுடா குழா?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரோலுக்கு அந்தப் பக்கம் நின்று பதினோரு வருடம் என் கையைப் பார்த்தவன். எப்போது விடுவேன், எந்தச் சாய்வில் விடுவேன் என்று என்னைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வான். அவனிடம் பொய் நிற்காது.

"ஞாயித்துக்கெழம கூட்டம். புகை யாரு போட்டதுன்னு கேப்பாங்க. வந்துரு" என்றான். பாவாயியிடம் "வர்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சோறு போடச் சொன்னேன். போட்டாள்.

17 மார்ச், சனி

தூக்கமில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவான். மாதேஸின் அண்ணன் தம்பிகள் நான்கு பேர், நான்கும் எருமைத் தடிமன். பாவாயியை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள்.

18 மார்ச், ஞாயிறு

முந்நூறு பேர் இருக்கும். நான் ஓரமாக, ஓட வசதியாக நின்றேன்.

யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சவரி எழுந்துவிட்டான். "பொகைய நான்தான் போடச் சொன்னேன். பேச்சு முடிஞ்சிரும்னு நெனச்சு அவசரப்பட்டுட்டேன். சூளையில நின்னவங்க மேல தப்பு இல்ல. நான் சொன்னதச் செஞ்சாங்க" என்றான்.

யாரோ துப்பினார்கள். மாதேஸ் ஊன்றுகோலோடு வந்திருந்தான். அவன்தான் முதலில் "எறங்குடா" என்றான். சவரி இறங்கினான். அடுத்த பத்தாவது நிமிடம் என்னைச் செயலாளராக்கினார்கள். சாமந்தி மாலை. சட்டைப் பையில் இருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். நான்கு பக்கமும் கேட்டார்கள், ஒருத்தனும் பீடி பற்ற வைக்கவில்லை. இதற்காக ஆறு வருடம் காத்திருந்தேன். கழுத்தில் மாலை அரித்துக்கொண்டே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு டீக்கடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன். ஏன்டா என்று கேட்டேன்.

"உன்னக் காப்பாத்த இல்லடா. சூளையக் காத்தவனே குத்துனான்னு தெரிஞ்சா, அப்பறம் இந்த மில்லுல ஒருத்தன நம்பி ஒருத்தன் எதுத்தாப்புல நிக்க மாட்டான். பழுத்த கம்பி நடுவுல ஓடுதுடா. செயலாளர் ஏமாத்துனான்னா இன்னொரு செயலாளர வெச்சுக்குவாங்க."

அப்போதும் நாலே வரிதான் பேசினான். என் கழுத்தில் மாலை, அவன் நெற்றியில் பிளாஸ்திரி. அப்படியும் அவன்தான் உயரமாகத் தெரிந்தான். அந்த இடத்திலேயே அவனை அறையலாம் போல இருந்தது.

பாவாயி கூட்டத்துக்கு வந்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது படுத்திருந்தாள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொடியில் போட்டேன்.

22 மார்ச், வியாழன்

ஒப்பந்தம். முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு, அவர்கள் ஒட்டிய நோட்டீஸ் அப்படியே. எல்லோரையும் திரும்ப எடுப்பார்கள், சவரிமுத்துவைத் தவிர. எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. நஞ்சுண்டராவ் கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "வாங்க, போங்க" எல்லாம் தாராளமாக இருந்தது.

26 மார்ச், திங்கள்

மில் ஓடுகிறது. எதிரே புது ஆள், தாரமங்கலத்துக்காரன். பிடிக்கிறான், ஆனால் பயந்து பிடிக்கிறான். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எனக்கே கண் இருட்டியது. யாரும் முனகவில்லை. செயலாளரே நிற்கிறாரே என்று பார்த்தார்கள்.

29 மார்ச், வியாழன்

சவரியின் மனைவி குழாயடியில் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். அவர்கள் வீட்டுக் கதவில் எவனோ கரியால் 'துரோகி' என்று எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊரை விட்டுப் போகிறார்கள். வடக்கே ஏதோ ஓர் இரும்பு ஊரில் அவனுடைய மச்சான் இருக்கிறானாம்.

பாவாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கெழம சங்கக் கூட்டம் இருக்குதுங்கல்ல. ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவரு நல்ல பேரோட போகட்டும்."

"என்ன வார்த்த?"

"எங்கிட்டயுமாங்க?" என்றாள். அப்புறம், "நானே சொல்லிருவேன். சொன்னா உங்க மேல கை வெப்பாங்க, அதுக்காகப் பாக்கறேன். நீங்களே சொன்னா ஒரு வேள விட்டுருவாங்க. பயப்படாதீங்க, நானும் கூட வந்து நிக்கறேன்" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் அவனுக்காக.

1 ஏப்ரல், ஞாயிறு

கூட்டம் பத்து மணிக்கு. அவர்கள் ரயில் பதினொன்றே காலுக்கு. பாவாயி சேலை மாற்றிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

மைக் முன்னால் நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. கரி உலர்ந்த கரி. பன்னிரண்டு மண்வெட்டி போட்டேன், புகைத்தட்டை நானே பாதி மூடினேன், ஜன்னலில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று வரி. மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

அப்போது அடுத்து என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். முதலில் என்னை அடிப்பார்கள். அது அரை மணி நேரம். அப்புறம் முந்நூறு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். ரயிலை மறித்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடுத்தவன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் போன மனுஷன் என்பார்கள். மாதேஸ் அவன் காலில் விழுவான். இனி இந்த மில் இருக்கும் வரை அவன் பேச்சுதான். அவனுக்கு அந்த மாலையை என் கையால் நான் போட வேண்டும்.

கேன்டீன் தண்ணீர் டாங்கைக் கழுவுவது பற்றிப் பேசினேன். கழிப்பறைக் கதவு பற்றிப் பேசினேன். பதினொன்றே காலுக்கு ரயில் ஊதியது இங்கே வரை கேட்டது. பாவாயி எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டாள். "அவ்வளவு பயமாங்க அடிக்கு?"

"ஆமாம்" என்றேன்.

நம்பிவிட்டாள். முகத்தில் கொஞ்சம் இரக்கம் கூட வந்தது. ரசத்தைச் சூடு பண்ணி ஊற்றினாள். நான் அடிக்குப் பயந்தவன் என்றே அவள் கடைசி வரை நினைத்துக்கொண்டிருக்கட்டும்.